ஆக்டேவ் ஷனூட்டின் கடிதங்கள் எதைச் சொல்கின்றன?

கேட்கப்பட்ட கேள்வி இது: ஆக்டேவ் ஷனூட் என்ற பொறியாளர் ரைட் சகோதரர்களுக்கு ஆசானாக இருந்தவரா, அல்லது வசதியும் ஓய்வும் வாய்த்ததால் அவர்களுக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருந்த ஒரு முதியவர் மட்டும்தானா? அவர் விட்டுச்சென்ற தாள்களைக் கொண்டு இதைத் தீர்மானிக்க முடியுமா? தீர்மானிக்க முடியும் என்றே நினைக்கிறேன். ஆனால் அந்தத் தாள்களை, அவருக்கும் வில்பர் ரைட்டுக்கும் இடையே 1910இல் மூண்ட சச்சரவிலிருந்து பின்னோக்கிப் படிக்கும் வழக்கம் பலருக்கு இருக்கிறது. அப்படிப் படித்தால், எந்தப் பக்கம் சாய்ந்து படிக்கிறோமோ அந்தப் பக்கத்துக்கு ஏற்ற பதில்தான் கிடைக்கும். அவருடைய தொழில் வாழ்க்கையிலிருந்து தொடங்குவதே நல்லது. விமானத்துக்கு அவர் கொடுத்ததும், அதில் அவருக்குப் பிடிபடாமல் போனதும் அந்தத் தொழிலின் பழக்கங்களிலிருந்தே வந்தன.

ஷனூட் 1832 பிப்ரவரி 18 அன்று பாரிஸில் பிறந்தவர். தந்தை ஜோசப் ஷனூ 1838இல் மகனை மட்டும் அழைத்துக்கொண்டு அமெரிக்காவுக்குச் சென்று, லூசியானாவில் ஜெஃபர்சன் கல்லூரியில் பணியேற்றார். தாய் பிரான்சிலேயே தங்கிவிட்டார். ஷனூட் எந்தப் பொறியியல் கல்லூரியிலும் படித்ததில்லை. ஹட்சன் ஆற்றங்கரையில் ரயில்பாதை போட்டுக்கொண்டிருந்தவர்களிடம் பதின்ம வயதில் வேலை கேட்டுப் போய், இடமில்லை என்றதும் சம்பளமில்லாமல் வேலை செய்வதாகச் சொல்லி, நில அளவைக் குழுவில் அளவுச் சங்கிலி பிடிக்கும் செயின்மேனாகச் சேர்ந்துகொண்டார். அங்கிருந்து அவர் ஏறிய படிகள் வேகமானவை. 1863 முதல் 1867 வரை சிகாகோ–ஆல்டன் ரயில்வேயின் தலைமைப் பொறியாளராக இருந்தார். சிகாகோவின் புகழ்பெற்ற யூனியன் கால்நடைச் சந்தை அவருடைய திட்டப்படி கட்டப்பட்டது. அவர் கட்டி, 1869 ஜூலையில் கான்சஸ் சிட்டியில் திறக்கப்பட்ட ஹானிபல் பாலம், மிசௌரி ஆற்றின் குறுக்கே அமைந்த முதல் நிரந்தர ரயில் பாலமாகும். கான்சஸ் மாநிலத்தில் ஷனூட் என்ற பெயரிலேயே ஓர் ஊர் இருக்கிறது. 1873இலிருந்து பத்து ஆண்டுகள் ஈரி ரயில்வேயின் தலைமைப் பொறியாளராக இருந்த அவர், பென்சில்வேனியாவில் 301 அடி உயரத்தில் எழுந்த கின்சுவா பாலத்தின் வடிவமைப்பிலும் பங்கேற்றார். 1891இல் அமெரிக்கச் சிவில் பொறியாளர் சங்கத்தின் தலைவரானார்.

ரயில்வேயை விட்டு விலகிய பின் அவர் மேற்கொண்ட தொழிலைப் பற்றி யாரும் அதிகம் எழுதுவதில்லை. எனக்கோ அவரைப் புரிந்துகொள்ள அதுவே நல்ல வழியாகத் தோன்றுகிறது. தண்டவாளத்துக்கு அடியில் போடும் ஸ்லீப்பர் கட்டைகள் சில ஆண்டுகளிலேயே உளுத்துப்போயின. துத்தநாகக் குளோரைடு போன்ற வேதிப்பொருள்களை அவற்றுள் செலுத்திப் பதப்படுத்தும் தொழிற்சாலைகளை அவர் நடத்தினார். எந்தப் பதம் எத்தனை ஆண்டு தாங்குகிறது என்பதை அறிய, கட்டை போடப்பட்ட ஆண்டைத் தலையில் பொறித்த ஆணியை அதில் அடிக்கும் வழக்கத்தை அமெரிக்க ரயில்வேயில் பரப்பியவரும் அவரே. பல்லாயிரம் கட்டைகளுக்கு ஆண்டு குறித்துவைத்து, எது எப்போது உளுத்தது என்று பார்த்து, அந்தக் கணக்கை எல்லோருக்கும் அச்சிட்டுக் கொடுத்த மனிதர், பறக்கும் எந்திரங்களைப் பற்றியும் அதே முறையில்தான் சிந்தித்தார்.

1875இல் ஐரோப்பாவுக்குப் போய்வந்தபோதே பறத்தலில் அவருக்கு ஆர்வம் பிறந்துவிட்டது. ஆனால் அந்தக் காலத்தில் அது பைத்தியக்காரர்களின் வேலையாகக் கருதப்பட்டதால், வேலைப் பொறுப்புகள் குறையும்வரை அதைப் பெரிதாக வெளிக்காட்டவில்லை. 1891 முதல் ரயில்வே பொறியியல் இதழ் ஒன்றில், அதுவரை யார் யார் எந்த எந்திரத்தை எப்படிச் செய்தார்கள், எதனால் தோற்றார்கள் என்று தொடர் கட்டுரைகள் எழுதினார். அவை 1894இல் ‘பறக்கும் எந்திரங்களின் முன்னேற்றம்’ என்ற பொருள்படும் தலைப்பில் நூலாயின. நூலின் பெரும்பகுதி தோல்விகளின் பட்டியல்தான். அதுவே அதன் மதிப்பு. ஒவ்வொருவரும் முதலிலிருந்து தொடங்கி முந்தையவர் இடறிய அதே இடத்தில் இடறுவதைத் தவிர்ப்பது அவர் நோக்கம். 1893 ஆகஸ்டில் சிகாகோ உலகக் கண்காட்சியையொட்டி, ஆல்பர்ட் ஸாமுடன் சேர்ந்து வான்வழிப் பயணம் பற்றிய ஒரு பன்னாட்டு மாநாட்டையும் நடத்தினார். தலைமை வகித்தவர் பாலம் கட்டிப் பெயர் பெற்ற ஒருவர் என்பதால், பொறியாளர்கள் சிரிப்பை அடக்கிக்கொண்டு காது கொடுத்தார்கள்.

அவருடைய கடிதத் தொடர்பு விரிந்தது இந்த ஆண்டுகளில்தான். சிட்னியில் பெட்டிப் பட்டம் கண்டுபிடித்த லாரன்ஸ் ஹார்கிரேவ், கெய்ரோவில் வாழ்ந்துகொண்டு கழுகுகளின் மிதப்பை ஆராய்ந்த பிரெஞ்சுக்காரர் லூயி முய்யார், ஜெர்மனியில் மலைச்சரிவிலிருந்து மிதந்து பழகிய ஓட்டோ லிலியன்தால், பின்னாளில் பிரெஞ்சு ராணுவத்தின் ஃபெர்டினாண்ட் ஃபெர்பே என்று பலரும் அவரோடு எழுதிக்கொண்டார்கள். ஒருவரிடம் கற்றதை இன்னொருவருக்குச் சொல்வதை அவர் தம் கடமையாகவே வைத்திருந்தார். சிலருக்குச் சொந்தப் பணத்தையும் கொடுத்தார். முய்யாருக்கு அமெரிக்கக் காப்புரிமை பெற்றுத்தந்ததும் அவரே. (ஷனூட் காப்புரிமையே எடுக்காத துறவி என்று சிலர் எழுதுவது தவறு. முய்யாருக்குக் கிடைத்த அதே நாளில், 1897 மே 18 அன்று, ஷனூட்டின் பெயரிலும் காற்றில் மிதக்கும் எந்திரம் ஒன்றுக்குக் காப்புரிமை வழங்கப்பட்டது. அதை வைத்து யாரையும் அவர் தடுக்கவில்லை என்பதே உண்மை.)

தாம் அனுப்பும் கடிதங்களுக்கு அவர் நகல் எடுத்துவைத்தது அந்தக் கால வணிக அலுவலகங்களின் வழக்கப்படிதான். நகலெடுப்பதற்கென்றே தயாரித்த மையால் கடிதத்தை எழுதி, மெல்லிய தாள்களால் ஆன ஒரு கட்டுப் புத்தகத்தில் ஈரப்படுத்திய தாளோடு சேர்த்துவைத்து, திருகு அச்சில் அழுத்தினால், மை அந்த மெல்லிய தாளில் இறங்கும். எழுத்து இடவலம் மாறிப் பதிந்தாலும் தாள் மெல்லியதாக இருப்பதால் மறுபக்கத்திலிருந்து நேராகப் படிக்கலாம். மை போதாத இடத்தில் வரி மங்கிவிடும், ஈரம் மிகுந்தால் பரவிவிடும் என்பதால் இவை வாசிப்பவருக்குத் தொல்லை தரக்கூடியவை. ஆயினும் வரலாற்றாசிரியருக்கு இவற்றைப் போன்ற செல்வம் வேறில்லை. வந்த கடிதமும் அனுப்பிய கடிதத்தின் நகலும் ஒரே இடத்தில் நாள்வரிசையில் கிடைக்கும்போது, பிற்காலத்தில் எவர் என்ன நினைவுகூர்ந்தாலும் அதைச் சரிபார்த்துவிடலாம். வில்பர் ரைட் ஷனூட்டுக்கு எழுதியவை ஷனூட்டின் தாள்களோடும், ஷனூட் வில்பருக்கு எழுதியவை ரைட் குடும்பத் தாள்களோடும் இருக்கின்றன. இரண்டு தொகுப்புகளும் இன்று வாஷிங்டனில் உள்ள அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தில்தான் பாதுகாக்கப்படுகின்றன. மார்வின் மக்ஃபார்லண்ட் பதிப்பித்த ரைட் சகோதரர்களின் தாள்கள், ஷனூட் கடிதங்களையும் சேர்த்துக்கொண்டு, 1953இல் இரண்டு தொகுதிகளாக வெளிவந்தன.

இனி எந்திரத்துக்கு வருவோம். 1896 கோடையில், தமது 64ஆம் வயதில், மிச்சிகன் ஏரியின் தென்கரையில் இந்தியானா மாநிலத்து மணல்மேடுகளில் ஷனூட் முகாமிட்டார். அகஸ்டஸ் ஹெர்ரிங், தச்சரான வில்லியம் ஏவரி, வில்லியம் பூட்டுசோவ் ஆகியோர் உடன் இருந்தார்கள். லிலியன்தால் மாதிரியில் செய்த கிளைடரை (இன்ஜின் இல்லாமல் காற்றில் மிதந்து செல்லும் எந்திரம்) முதலில் பறக்கவிட்டார்கள். அது ஆபத்தானது என்று ஷனூட் விரைவிலேயே முடிவுகட்டினார். அதே ஆகஸ்டில் லிலியன்தால் கீழே விழுந்து இறந்தார். அடுத்தது, பன்னிரண்டு இறக்கைகள் கொண்டதால் ‘காட்டிடிட்’ என்ற பூச்சியின் பெயர் பெற்ற கிளைடர். காற்று வீச்சுக்கு ஏற்ப இறக்கைகளே முன்னும் பின்னும் அசைந்து சமநிலையைச் சரிசெய்துகொள்ள வேண்டும் என்பது அதன் அடிப்படை எண்ணம். மூன்றாவதாக வந்ததுதான் வரலாற்றில் நின்றது. மூன்று தளங்களாகத் தொடங்கி, கீழ்த்தளத்தைக் கழற்றியபின் இரண்டு தளங்களாக நின்ற அந்தக் கிளைடரில் ஹெர்ரிங் 359 அடி தூரம் மிதந்து சென்றார்.

இந்தக் கிளைடரில் பாலப் பொறியாளரின் கை வெளிப்படையாகத் தெரிகிறது. மேல் இறக்கைக்கும் கீழ் இறக்கைக்கும் நடுவே செங்குத்தான மெல்லிய மரக்கம்புகள். அவை அமுக்கு விசையைத் தாங்கும். கம்புகளுக்கிடையே மூலைவிட்டமாக இழுத்துக்கட்டிய கம்பிகள். அவை இழுவிசையைத் தாங்கும். ரயில் பாலங்களில் பிராட் டிரஸ் என்று வழங்கும் அதே அமைப்புதான் இது. அதுவரை பறவை இறக்கையைப் பார்த்துச் செய்யப்பட்டவை ஒன்று கனத்தன, அல்லது காற்றில் நெளிந்து முறிந்தன. இந்த முறையில் இரண்டு இறக்கைகளும் ஒரே உத்தரமாகிவிடுவதால், எடை குறைவாகவும் விறைப்பு மிகுதியாகவும் ஆகிவிடுகிறது. ஒவ்வொரு கம்பியிலும் எவ்வளவு விசை வரும் என்று தாளில் முன்கூட்டியே கணக்கிடவும் முடிகிறது. அடுத்த முப்பது ஆண்டுகள் உலகில் பறந்த இருதள விமானங்களில் பெரும்பாலானவை இந்தச் சட்டகத்தின் வழிவந்தவையே. ரைட் சகோதரர்களும் இதை எடுத்துக்கொண்டார்கள். எடுத்து ஒரு மாற்றமும் செய்தார்கள். முன்னிருந்து பின்னாக ஓடும் குறுக்குக் கம்பிகளை விட்டுவிட்டு, இறக்கையின் நீளவாக்கில் மட்டும் விறைப்பை வைத்து, முனைகளை வேண்டுமென்றே முறுக்கும்படி செய்தார்கள். ஷனூட் கண்ணில் குறையாகப்பட்டிருக்கக்கூடிய அந்த நெகிழ்வுதான் அவர்களுடைய கண்டுபிடிப்பின் உயிர்நாடி.

1900 மே 13 அன்று ஒஹாயோ மாநிலத்தில் உள்ள தம் ஊரான டேட்டனிலிருந்து வில்பர் எழுதிய முதல் கடிதத்தை இந்தப் பின்னணியில் படிக்க வேண்டும். மனிதன் பறக்க முடியும் என்ற நம்பிக்கை தம்மைச் சில ஆண்டுகளாகப் பிணிபோலப் பீடித்திருப்பதாகவும், நோய் முற்றிவருவதால் அது விரைவில் தம் உயிரை வாங்காவிட்டாலும் நிறையப் பணத்தை வாங்கிவிடும் என்றும் அவர் அதில் சொல்கிறார். பலரும் மேற்கோள் காட்டுவது அந்த வரிகளைத்தான். முக்கியமானது பின்னால் வருகிறது. பெரிய பறவைகள் காற்றில் சாயும்போது இறக்கை முனைகளைத் திருகிச் சமநிலையை மீட்டுக்கொள்வதைத் தாம் கவனித்ததாக வில்பர் அங்கேயே எழுதிவிட்டார். ஷனூட் நான்கே நாளில் பதில் எழுதி, கலிபோர்னியாவில் சான் டியாகோவையும் புளோரிடாவில் பைன் தீவையும் நல்ல காற்றுள்ள இடங்களாகக் குறிப்பிட்டார். ஆனால் அங்கே மணல்மேடுகள் இல்லை, விழுந்தால் அடிபடாமலிருக்க மணல் வேண்டும், அட்லாண்டிக் கரையைப் பாருங்கள் என்ற பொருளில் அறிவுரையும் சேர்த்தார். இறக்கை முனைகளைத் திருகுவதைப் பற்றி அவர் தனியாக நின்று யோசித்த அடையாளம் அந்த உரையாடலில் இல்லை.

அதன்பின் பத்தாண்டுகளில் இருபுறமும் பல நூறு கடிதங்கள் போய்வந்தன. இவற்றில் 1901இன் கடிதங்களே மிக வளமானவை. அந்த ஆண்டு ஜூன் மாதம் ஷனூட் டேட்டனுக்கு வந்தார். வட கரோலினாக் கடற்கரையில் கிட்டி ஹாக்கில் சகோதரர்கள் கிளைடர் பறக்கவிட்ட முகாமுக்கு, உதவியாக எட்வர்ட் ஹஃபேக்கரையும் ஜார்ஜ் ஸ்ப்ராட்டையும் அனுப்பினார். காற்றின் வேகத்தை அளக்கும் கருவியையும் இரவல் கொடுத்தார். (ஹஃபேக்கர் ஷனூட் செலவில் அட்டைக் குழாய்களால் செய்துகொண்டுவந்த கிளைடர் மழையில் ஊறிப் பாழாயிற்று, வில்பருக்கு அது எரிச்சலையும் சிரிப்பையும் ஒருங்கே தந்தது.) அந்தக் கோடையில் ரைட் சகோதரர்களின் கிளைடர், லிலியன்தாலின் அட்டவணைகள் தரும் தூக்குவிசையைத் தரவில்லை, அவர்கள் மனம் தளர்ந்து ஊர் திரும்பினார்கள். சிகாகோவில் மேற்குப் பொறியாளர் சங்கத்தில் பேச வருமாறு ஷனூட் வில்பரை அழைத்தது அப்போதுதான். செப்டம்பர் 18 அன்று நடந்த அந்த உரைக்காகத் தம் முடிவுகளை வகைப்படுத்தி எழுத வேண்டிய கட்டாயம் வில்பருக்கு ஏற்பட்டது. லிலியன்தாலின் எண்களை அவர் பொதுமேடையில் ஐயப்பட்டார். ஐயப்பட்டதை நிறுவும் பொறுப்பு தலையில் ஏறியதும், இலையுதிர் காலத்தில் சகோதரர்கள் காற்றுச் சுரங்கம் ஒன்றை அமைத்தார்கள். அதில் கிடைத்த அட்டவணைகள் உடனுக்குடன் ஷனூட்டுக்குப் போயின. காற்றழுத்தக் கணக்கில் நெடுங்காலம் கையாளப்பட்டு வந்த 0.005 என்ற ஸ்மீட்டன் எண் மிகப் பெரியது, உண்மை மதிப்பு 0.0033 அளவில்தான் இருக்கும் என்று அவர்கள் கண்டதும் இந்தக் கட்டத்தில்தான். அந்த டிசம்பரில், பணக்காரர் ஒருவரின் உதவி வேண்டுமானால் தமக்கு ஆண்ட்ரூ கார்னகியைத் தெரியும், எழுதட்டுமா என்று ஷனூட் கேட்டார். வில்பர் நாகரிகமாக மறுத்துவிட்டார்.

இந்த ஓராண்டுக் கடிதங்களை வரிசையாகப் படித்தவர், ஷனூட்டை ஆசான் என்று சொல்ல மாட்டார். கணக்கிலும் கருத்திலும் சில மாதங்களிலேயே மாணவர் முந்திவிட்டார். வெறும் கடிதக்காரர் என்றும் சொல்ல முடியாது. தாம் செய்வதைப் புரிந்துகொள்ளக்கூடிய, விடாமல் கேள்வி கேட்கக்கூடிய, பதிலுக்காகக் காத்திருக்கக்கூடிய ஒரே ஒரு பொறியாளர் இருந்ததால், வில்பர் தம் எண்ணங்களைத் தெளிவாக எழுதினார். அப்படி எழுத நேர்ந்திராவிட்டால், விமானம் பிறந்த கதையில் 1900 முதல் 1903 வரையிலான பகுதி நமக்குக் குறிப்பேட்டுத் துணுக்குகளாக மட்டுமே கிடைத்திருக்கும்.

விரிசலின் வித்தும் அதே தாள்களில் கிடைக்கிறது. 1903 ஏப்ரலில் பாரிஸில் ஏரோ கிளப் உறுப்பினர்களிடம் பேசிய ஷனூட், ரைட் கிளைடர்களைப் பற்றித் தாராளமாகச் சொன்னார். கேட்டவர்கள் அவர்களை ஷனூட்டின் சீடர்களாகவே எடுத்துக்கொண்டார்கள். ஆகஸ்டில் ஒரு பிரெஞ்சு இதழில் அவர் எழுதிய கட்டுரையில் இறக்கை முறுக்கும் அமைப்பைப் பற்றிய குறிப்புகள் வந்தபோது வில்பர் வருத்தம் தெரிவித்தார். காப்புரிமை இன்னும் கிடைக்காத நிலையில் அந்த வருத்தம் நியாயமானது. அதே சமயம், தகவலைப் பூட்டிவைப்பது ஷனூட்டின் இயல்பிலேயே இல்லாதது. அந்த நவம்பரில் கிட்டி ஹாக்குக்கு வந்த ஷனூட் மோசமான வானிலையால் சில நாளிலேயே திரும்பிவிட்டதால், டிசம்பர் 17 அன்று சகோதரர்கள் இன்ஜின் பூட்டிய எந்திரத்தில் முதன்முறையாகப் பறந்ததை அவர் காணவில்லை. ரைட் சகோதரர்களின் தங்கை காத்தரின் அனுப்பிய தந்திதான் அவருக்குச் சொன்னது. அடுத்த அக்டோபரில் டேட்டன் அருகே ஹஃப்மன் புல்வெளியில் அவர்கள் பறப்பதை நேரில் பார்த்தார்.

1906 அக்டோபரில் வில்பர், ஐந்து ஆண்டுகளுக்குள் வேறு எவரும் பயன்படத்தக்க விமானம் செய்வதற்கு நூற்றில் ஒரு வாய்ப்புக்கூட இல்லை என்று எழுதினார். அவர் அளவுக்கு மீறிய உறுதியோடு இருப்பதாக ஷனூட் எச்சரித்தார். அடுத்த மாதமே பிரேசில் நாட்டவரான சான்டோஸ்-டூமோன் பாரிஸில் 220 மீட்டர் பறந்தார். 1908 ஜனவரியில் ஹென்றி ஃபார்மன் ஒரு கிலோமீட்டர் வட்டமடித்தார். எந்திரத்தின் நுட்பத்தில் வில்பரும், மனிதர்கள் போகும் போக்கைக் கணிப்பதில் ஷனூட்டும் சரியாக இருந்தார்கள் என்பது என் கணிப்பு.

1910 ஜனவரியில் நியூயார்க் செய்தித்தாள் ஒன்றில், இறக்கை முறுக்குதல் ரைட் சகோதரர்களுக்கு முன்பே அறியப்பட்டிருந்தது என்ற பொருளில் ஷனூட்டின் கருத்து வெளிவந்தது. அப்போது ரைட் சகோதரர்கள், விமானம் செய்துவந்த இன்னொரு அமெரிக்கரான கிளென் கர்டிஸ் மீது காப்புரிமை வழக்கு நடத்திக்கொண்டிருந்தார்கள். ஜனவரி 20 அன்று வில்பர் விளக்கம் கேட்டார். ஷனூட் 23ஆம் தேதி அளித்த பதிலில் இரண்டு வேறு விஷயங்கள் கலந்திருக்கின்றன. ஒன்று, 1901இல் முய்யாரின் காப்புரிமை நகலைக் கொடுத்தபோது இறக்கையின் பின்பகுதியை முறுக்கும் முறையைத் தாம் சுட்டிக்காட்டியதாக நினைப்பு என்கிறார். இதில் ஷனூட் தவறினார் என்றே கருதுகிறேன். முய்யாரின் அமைப்பு திசை திருப்புவதற்காகக் காற்றுத்தடையை உண்டாக்குவது. பக்கவாட்டுச் சமநிலைக்கு அதில் வழியில்லை. அதற்கான எண்ணமோ வில்பரின் முதல் கடிதத்திலேயே இருக்கிறது, அந்தக் கடிதமும் ஷனூட்டின் கோப்பிலேயே இருந்தது. இன்னொன்று, ஒரு விருந்தில் பேசிய வில்பர் 1901இல் ஷனூட் தங்கள் கடைக்கு வந்துசேர்ந்தார் என்று சொன்னது, தாம் வலிய நுழைந்தவர் போல ஆக்கிவிட்டது என்ற மனக்குறை. 1900இல் முதலில் எழுதியவர் வில்பர், முகாமுக்கு அழைத்தவரும் அவரே என்று ஷனூட் நினைவூட்டுகிறார். இதில் தாள்கள் முழுக்க அவர் பக்கம். பெருஞ்செல்வத்தின் மீதுள்ள ஆசை, வழக்கமாகத் தெளிவாக இருக்கும் வில்பரின் மதிப்பீட்டைக் கோணலாக்கிவிட்டதோ என்று அஞ்சுவதாகவும் அவர் எழுதினார்; கடிதத்தின் மிகக் கடுமையான வரி அதுதான்.

29ஆம் தேதி வில்பர் நீண்ட மறுமொழி அனுப்பினார். தாங்கள் ஷனூட்டின் மாணவர்கள், அவர் பணத்தில் வளர்ந்தவர்கள் என்று உலகம் நம்ப, அவர் அதைத் திருத்தாமல் விட்டுவிட்டாரே என்ற ஆதங்கம் அதில் இருக்கிறது. அந்த ஆதங்கமும் பொய்யில்லை. 1903 வரையிலான சோதனைகளைச் சகோதரர்கள் முழுவதும் சொந்தப் பணத்தில், ஆயிரம் டாலருக்கும் குறைவான செலவில் முடித்திருந்தார்கள். ஷனூட் பதில் தரவில்லை. ஏப்ரல் 28 அன்று வில்பர் இறங்கிவந்து மறுபடி எழுதினார். மே 14 அன்று ஷனூட், தம் உடல்நிலை சீர்கெட்டிருப்பதையும் ஐரோப்பா செல்வதையும் தெரிவித்து, திரும்பிவந்ததும் பழைய உறவைத் தொடர முடியும் என்று நம்புவதாக எழுதினார். அந்தப் பயணத்தில் நோய் முற்றியது. நவம்பர் 23 அன்று சிகாகோவில் காலமானார். ஷனூட் வாழ்ந்திராவிட்டால் பறத்தலின் முழு வரலாறும் வேறாக இருந்திருக்கும் என்று 1911 ஜனவரியில் வில்பர் ஓர் இதழில் அஞ்சலி எழுதினார்.

இவற்றை நேரில் படிக்க விரும்புவோருக்கு ஒரு யோசனை. காங்கிரஸ் நூலகம் ரைட் சகோதரர்களின் தாள்களை இணையத்தில் வைத்திருக்கிறது; வில்பர்–ஷனூட் கடிதங்களையும் அங்கேயே பார்க்கலாம். 1900 மே மாதத்தின் முதல் இரண்டு கடிதங்களைப் படித்துவிட்டு, 1901 ஜூன் முதல் டிசம்பர் வரை உள்ளவற்றை ஒன்றுவிடாமல் படியுங்கள். அட்டவணைகளும் வரைபடங்களும் வரும் பக்கங்களைத் தாண்டிப் போக வேண்டாம். இருவரின் உறவு எப்படிப்பட்டது என்பது நலம் விசாரிக்கும் வரிகளைவிட அங்கேதான் தெளிவாகத் தெரிகிறது. அதற்குப் பிறகு 1903 கோடைக் கடிதங்கள், அதன்பின் 1906 அக்டோபர், கடைசியாக 1910. இந்த வரிசையில் போனால், கடைசிச் சண்டையில் யார் எந்த இடத்தில் நினைவு பிசகினார்கள் என்பதை உங்கள் கையிலுள்ள முந்தைய கடிதத்தைக் கொண்டே சரிபார்த்துக்கொள்ளலாம்.